கலத்தின் பாகங்கள்: அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் படிக்க வழி இருக்கிறதா?

மழைக்குருவி எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். கலமும், அதற்குள் இருக்கும் சிறு உறுப்புகளான புன்னங்கங்களும் வரும் இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். கொப்பியின் இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தொழில் என்று கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். கரு: கட்டுப்படுத்தல். இழைமணி: சக்தி. கொல்கி: பொதி செய்தல். இரவு சரியாகச் சொன்னது காலையில் குழம்பிவிடுகிறது. கொல்கியின் வேலை சிறுவலைக்குப் போய்விடுகிறது, சிறுவலையின் வேலை எங்கேயோ போய்விடுகிறது. இதை வேறு விதமாகப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மூன்று_ஏ எழுதியது:
தங்கச்சி, வேறு விதம் ஒன்றும் இல்லை. பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு வேடிக்கையான வசனம் ஆக்குங்கள். பத்து வருட வினாத்தாள்களை எடுத்துச் செய்யுங்கள். விளங்கிப் படிப்பதற்குப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் தருகிறார்கள்.

பனைமரம் எழுதியது:
நான் சொல்லிக் கொடுக்கும் முறையைக் கேளுங்கள். கலம் என்பது நம்மூர் வளவு. வேலிதான் மென்சவ்வு. படலை திறந்தால் ஆள் வரலாம், மாடு வரக் கூடாது. அடுப்படி இழைமணி. குப்பைக் கிடங்கு இலைசோசோம். வீட்டில் எல்லோரையும் அதட்டிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருக்கும் ஐயாதான் கரு. முடிந்தது பாடம். தட்சணையாக ஒரு போத்தல் நெல்லிரசம் அனுப்பி வையுங்கள்.

பழைய_வாத்தியார் எழுதியது:
தம்பி பனைமரம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வளவுக்குள் போன பிள்ளை வெளியே வர மாட்டாள்.

வேலி நட்ட இடத்தில் நிற்கும். மென்சவ்வு நிற்பதில்லை. பொசுபோலிப்பிட்டு என்ற கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு படையாக அடுக்கி இருக்கின்றன. நீரை நாடும் தலைகள் வெளிப்புறமாக, நீரை ஒதுக்கும் வால்கள் உட்புறமாக. மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 7 முதல் 8 நனோமீற்றர். அந்த மூலக்கூறுகள் பக்கவாட்டில் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. புரதங்கள் அவற்றின் நடுவே மிதக்கின்றன. சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் முன்வைத்த பாய்மச் சித்திர மாதிரி இதுதான். எது உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அந்தப் புரதங்களுக்கு உண்டு. ஒட்சிசன் எவரையும் கேளாமல் நுழைந்துவிடும். சோடியம் அயன் அளவில் மிகச் சிறியது, ஆனாலும் மின்னேற்றம் இருப்பதால் தனக்குரிய புரதம் இல்லாமல் ஓர் அடி நகராது. அளவை வைத்து மட்டும் ஆளை நிறுத்தும் படலை அல்ல அது.

அடுத்து உமது சாய்மனைக் கதிரை. மனிதச் செங்குருதிக் கலம் என்பு மச்சையில் முதிர்வடையும்போது தன் கருவை வெளியே தள்ளிவிடுகிறது. அதன் பிறகும் ஏறக்குறைய 120 நாட்கள் உடல் முழுவதும் ஓடி ஒட்சிசன் காவுகிறது. அதட்ட ஆள் இல்லாமலே வேலை நடக்கிறதே, எப்படி? கரு நிமிடத்துக்கு நிமிடம் கட்டளை போடுவதில்லை. எந்தப் புரதத்தை எந்த வரிசையில் அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்வது என்ற தகவல் டி.என்.ஏ. வடிவில் அங்கே இருக்கிறது. தேவைப்படும்போது அதில் ஒரு பகுதி தூது ஆர்.என்.ஏ. ஆகப் படியெடுக்கப்பட்டுக் கருத்துளை வழியாக வெளியே போகிறது. செங்கலத்துக்குள் முன்பே செய்த ஈமோகுளோபின் நிரம்பியிருக்கிறது. அது தேயும்வரை ஓடும்; பழுதானதற்குப் பதிலாகப் புதிய புரதம் செய்ய வழியில்லை. நான்கு மாதத்தில் மண்ணீரலும் ஈரலும் அதை அகற்றிவிடுகின்றன.

மழைக்குருவிக்கு: அட்டவணையை மூடி வையுங்கள், பிள்ளை. ஒரே ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு அது பிறந்த இடத்திலிருந்து கலத்தை விட்டு வெளியேறும்வரை பின்னாலேயே போங்கள். இது என் சொந்தச் சரக்கு அல்ல. ஜோர்ஜ் பலாடேயும் அவருடன் வேலை செய்தவர்களும் 1960களில் கினிப்பன்றியின் சதையியில், அதாவது சமிபாட்டுச் சாறு சுரக்கும் சுரப்பியில், செய்தது இதைத்தான். கதிர்த்தொழிற்பாடுள்ள அமினோ அமிலத்தைச் சில நிமிடங்கள் மட்டும் கலங்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு சாதாரண அமினோ அமிலத்துக்கு மாற்றிவிட்டு, இடைவெளி விட்டு விட்டு எடுத்துப் பார்த்தார்கள். முதலில் அடையாளம் தெரிந்தது கரடான அகமுதலுருச் சிறுவலையில். சற்று நேரம் கழித்துக் கொல்கியில். இரண்டு மணிநேரம் ஆகும்போது சுரப்புப் புடகங்கள் என்ற சின்னப் பைகளில், வெளியேறத் தயாராக. பலாடேக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிறுவலை முதலில், கொல்கி பின்னர். இந்த வரிசை மனதில் பதிந்தால் இரண்டின் வேலையும் இடம் மாறவே மாறாது.

மூன்று_ஏ எழுதியது:
ஐயா, மரியாதையுடன் கேட்கிறேன். கினிப்பன்றியின் சதையிக்குப் பரீட்சையில் எத்தனை புள்ளி?

பழைய_வாத்தியார் எழுதியது:
கினிப்பன்றிக்குப் பூச்சியம். "சதையிக் கலத்தில் கரடான சிறுவலை மிகுதியாக இருப்பது ஏன்" என்று கேட்டால் முழுப்புள்ளி. உமது வேடிக்கை வசனத்தில் அந்த "ஏன்" எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துச் சொல்லும்.

செம்மண் எழுதியது:
வாத்தியார் இருக்கும் இடத்தில் பேசக் கூச்சமாக இருக்கிறது. நான் உரும்பிராயில் வெங்காயம் செய்கிறவன். ஆனால் தாவரக் கலத்துக்குள் சாறு நிரம்பிய பையான புன்வெற்றிடத்தைப் பற்றி எங்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்கப் போகிறீர்கள்?

கோடை நீண்டால் கடற்கரைப் பக்கக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கும். சுண்ணக்கற் பாறைக்குள் மழைநீர் நன்னீர்ப் படையாகத் தேங்கி நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் உப்புநீர் ஏறிவிடும். அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் பாத்தி ஈரமாகத்தான் இருக்கும், பயிர் மட்டும் வாடி நிற்கும். இலை நுனி கருகும். தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகிறது என்று என் தகப்பனார் சொல்வார். ஏன் அப்படி என்று விளங்கியது, விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நுணுக்குக்காட்டியில் காட்டிய பிறகுதான்.

பிள்ளை, உங்கள் பாடசாலையிலும் செய்யலாம். வெள்ளை வெங்காயம் வேண்டாம், நம் சிவப்புச் சின்ன வெங்காயமே எடுங்கள். சதைப்பற்றான செதிலின் வெளிப்பக்கத்தில் ஊதா நிறமாக இருக்கும் தோலைச் சின்னத் துண்டாக உரியுங்கள். வழுக்கியில் ஒரு துளி நல்ல தண்ணீர் விட்டு அதில் விரித்து, மெல்லிய கண்ணாடியால் மூடிப் பாருங்கள். கலங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் சுவர் முட்ட ஊதா நிறத்தில் இருக்கும். அந்த ஊதா சுவரிலும் இல்லை, கருவைச் சூழ்ந்த கூழான குழியவுருவிலும் இல்லை. புன்வெற்றிடத்தின் சாற்றில் கரைந்திருக்கிறது. அதாவது கலத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்பது அந்தப் புன்வெற்றிடந்தான். பெயரில் வெற்றிடம், உள்ளே வெற்றிடமே இல்லை.

இனி, மூடிய கண்ணாடியின் ஒரு விளிம்பில் உப்புக்கரைசல் ஒரு துளி விட்டு, எதிர்விளிம்பில் ஒற்றுத்தாளை வைத்து இழுங்கள். கண்ணை எடுக்காதீர்கள். ஊதா நிறம் முதலில் மூலைகளில் சுவரை விட்டு விலகும். பிறகு சுற்றிவரச் சுருங்கி, நடுவில் ஒரு கட்டியாக நிற்கும். சுருங்கச் சுருங்க நிறம் கறுத்துக்கொண்டு வரும், ஏனென்றால் தண்ணீர் மட்டும் போகிறது, சாயம் போகவில்லை. சுவர் அப்படியே பெட்டி போல நிற்கும். திரும்ப நல்ல தண்ணீர் விட்டால், அதிக நேரம் ஆகாதிருந்தால், மறுபடியும் விரியும். என் பாத்தியில் நடப்பது இதுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பழைய_வாத்தியார் எழுதியது:
செம்மண் சொன்னதை அச்சடித்து ஆய்வுகூடச் சுவரில் ஒட்டலாம். பரீட்சைக்காக இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: இதன் பெயர் முதலுருச்சுருக்கம். செலுலோசாலான கலச்சுவர் உப்பையும் தடுப்பதில்லை, தண்ணீரையும் தடுப்பதில்லை. தேர்ந்தெடுத்து விடுவது அதற்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் மென்சவ்வு. சுவரின் வேலை வேறு: கலம் தண்ணீரை உறிஞ்சி வீங்கும்போது வெடிக்காமல் தாங்குவது. உள்ளிருந்து புன்வெற்றிடம் தள்ள, வெளியிலிருந்து சுவர் தாங்க, அந்த இழுபறியில்தான் மரமாகாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்கிறது.

மழைக்குருவி எழுதியது:
ஐயா, செம்மண் அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. இன்றைக்குச் செய்து பார்த்தோம். சுருங்கியதைப் பார்த்து வகுப்பே சத்தம் போட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து அதட்டிவிட்டுப் போனார். இன்னொரு துண்டுக்கு அயடீன் போட்டோம். மஞ்சள் பழுப்பாகக் கரு தெரிந்தது, ஆனால் நடுவில் இல்லை, ஓரமாக ஒதுங்கி இருந்தது. இழைமணி ஒன்றுகூடத் தெரியவில்லை. பெரிய வில்லையிலும் பார்த்தோம். தாவரக் கலத்தில் இழைமணி இல்லையா?

மூன்று_ஏ எழுதியது:
இல்லை. தாவரத்துக்குப் பச்சையவுருமணி, விலங்குக்கு இழைமணி. ஒப்பீட்டு அட்டவணையிலேயே இருக்கிறது. அது உணவு செய்கிறது, இது உணவை எரிக்கிறது.

வெள்ளைச்சப்பாத்து எழுதியது:
நிறுத்துங்கள் தம்பி. இதை நம்பிக்கொண்டு ஒரு பிள்ளை பரீட்சைக்குப் போனால் யார் பொறுப்பு?

நான் தாதி உத்தியோகத்தர். தாவரவியல் என் துறை அல்ல, ஆனாலும் இது எனக்கே தெரியும். நீங்கள் இன்று உரித்த வெங்காயம் மண்ணுக்குள் இருந்தது. அதன் செதிலில் பச்சையவுருமணி கிடையாது. இழைமணியும் இல்லை என்றால் அந்தக் கலம் எதைக் கொண்டு உயிர் வாழ்ந்தது? கூடத்து மூலையில் கட்டித் தொங்கவிட்ட வெங்காயம் மாதக்கணக்கில் கெடாமல் இருந்து பிறகு முளைக்கிறதே, அதற்குச் சக்தி எங்கிருந்து வந்தது? பச்சை இலையை எடுத்தாலும் இரவில் ஒளித்தொகுப்பு இல்லை. சுவாசம் மட்டும் இரவு பகலாக நடக்கிறது. பச்சையவுருமணி சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரையை உடைத்து, கலம் செலவழிக்கும் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி. ஆக்குவது தாவரத்திலும் இழைமணிதான். அட்டவணையில் பச்சையவுருமணிக்கு நேரே விலங்கில் "இல்லை" என்று போட்டிருக்கும். இழைமணிக்கு நேரே இரண்டிலும் "உண்டு" என்று இருக்கும். இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

பழைய_வாத்தியார் எழுதியது:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் இரண்டு. இழைமணியின் அகலம் அரை மைக்கிரோமீற்றர் முதல் ஒன்று வரைதான், அதற்குத் தனிச் சாயமும் வேண்டும். ஜேனசுப் பச்சை என்ற சாயத்தை உயிருள்ள இழைமணி ஏற்கும், அயடீனை நம்பிப் பயனில்லை. புரதம் கோக்கும் இறைபோசோமைப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் தேடவே வேண்டாம். அது 20 முதல் 30 நனோமீற்றர் வரை. ஒளி நுணுக்குக்காட்டியால் பிரித்துக்காட்ட முடிவது ஏறத்தாழ 200 நனோமீற்றர் வரைதான். அதற்குக் கீழே இலத்திரன் நுணுக்குக்காட்டி இல்லாமல் கதை இல்லை.

கரு ஓரமாக இருந்தது என்று கவனித்து எழுதினீர்களே, அது நல்ல கண். புத்தகப் படத்தில் நடுவில் வரைந்திருப்பார்கள். முதிர்ந்த தாவரக் கலத்தில் புன்வெற்றிடம் நடுவிடத்தைப் பிடித்துக்கொள்வதால் குழியவுருவும் கருவும் சுவரோரம் ஒதுக்கப்படுகின்றன. பார்த்தபடியே வரையுங்கள்.

கொல்கி குழப்புகிறது என்றீர்கள். உலகத்தையே குழப்பிய உறுப்பு அது. கமிலோ கொல்கி 1898இல் ஆந்தையின் நரம்புக் கலத்தில் வெள்ளிச் சாயம் ஏற்றி அதைக் கண்டார். அது உண்மையான உறுப்பா, சாயத்தால் வந்த கறையா என்று அரை நூற்றாண்டு சண்டை பிடித்தார்கள். 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்துதான் தீர்த்து வைத்தது.

வெள்ளைச்சப்பாத்து எழுதியது:
மென்சவ்வைப் பற்றி வாட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். செம்மண் அண்ணாவின் வெங்காயத்துக்குச் சுவர் இருக்கிறது. நமது செங்கலத்துக்குச் சுவர் இல்லை. ஆகவேதான் நாளத்துக்குள் ஏற்றும் சேலைன் என்ற உப்புக்கரைசல் 0.9 சதவீதம். வெறும் வடித்த நீரை ஏற்றினால் செங்கலங்கள் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும். தாங்க ஒன்றும் இல்லை.

அடுத்தது ஜீவனி, வயிற்றோட்டத்துக்குக் குடிக்கக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல். வயிற்றோட்டத்தில் சோர்ந்து வரும் குழந்தைக்குத் தண்ணீர்தானே குறைவு, தண்ணீரையே கொடுத்தால் போதாதா என்று தாய்மார் கேட்பார்கள். உப்புக் கரைசலுக்குள் எதற்குச் சர்க்கரை, ருசிக்கா என்றும் கேட்பார்கள். ருசிக்கு இல்லை. சிறுகுடலின் உட்படையில் இருக்கும் கலங்களின் மென்சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு குளுக்கோசையும் இரண்டு சோடியம் அயனையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும். சர்க்கரை இல்லாவிட்டால் அந்தப் பாதையில் சோடியம் போகாது. சோடியம் போகாவிட்டால் அதன் பின்னால் தண்ணீரும் போகாது. வாந்திபேதி நோயில் குடலில் மற்றப் பாதைகள் குழம்பினாலும் இந்தப் புரதம் வேலை செய்துகொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும் இருக்கின்றன. கூடச் சர்க்கரை போட்டால் கூடப் பலம் என்று நினைத்து அள்ளிப் போடாதீர்கள். குடலுக்குள் செறிவு கூடினால் மென்சவ்வினூடாகத் தண்ணீர் செறிவு கூடிய பக்கத்துக்குப் போகும் பிரசாரணம் எதிர்ப்பக்கமாக நடக்கும். கலத்திலிருக்கும் தண்ணீரும் வெளியே வந்துவிடும்.

மூன்று_ஏ தம்பிக்கும் ஒன்று. மருத்துவபீடம் போக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. பெனிசிலின் ஏன் கிருமியைக் கொல்கிறது, நம்மைக் கொல்வதில்லை? பற்றீரியாவுக்குக் கலச்சுவர் இருக்கிறது, அதைக் கட்ட விடாமல் தடுக்கிறது பெனிசிலின். நமக்குச் சுவரே இல்லை. எரித்ரோமைசின், டெட்ராசைக்கிளின் போன்றவை பற்றீரியாவின் இறைபோசோமைப் பிடிக்கின்றன. அவற்றினுடையது 70எஸ், நமது குழியவுருவில் இருப்பது 80எஸ்; எஸ் என்பது சுழற்றும்போது படியும் வேகத்தின் அலகு. வாட்டில் கொடுக்கும் மருந்துத் தட்டே புன்னங்கங்களின் அட்டவணைதான்.

மூன்று_ஏ எழுதியது:
அக்கா, அப்படியானால் ஒரு கேள்வி. இழைமணிக்குள் இருப்பதும் 70எஸ் வகை என்று குறிப்பில் இருக்கிறதே. அந்த மருந்துகள் இழைமணியையும் பிடிக்க வேண்டுமே?

பழைய_வாத்தியார் எழுதியது:
ஆகா! இதுதான் கேள்வி.

பிடிக்கும், சில மருந்துகள். குளோரம்பெனிக்கோல் எலும்பு மச்சையைத் தாக்குவதற்கு இழைமணியின் புரத உற்பத்தி தடைப்படுவது ஒரு காரணம். ஸ்ரெப்டோமைசின் வகை மருந்துகளால் சிலருக்குச் செவிப்புலன் பாதிக்கப்படும், இழைமணியின் டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட ஒரு மாற்றம் உள்ள குடும்பங்களில் ஆபத்து கூடுதல். இழைமணியின் இறைபோசோம் மனிதரில் அளவில் சிறிது வேறுபட்டது என்றாலும் சாதி பற்றீரியாவின் சாதிதான்.

ஏன் அப்படி? இழைமணிக்குத் தனி டி.என்.ஏ. இருக்கிறது, வட்ட வடிவில். மனிதரில் 16,569 காரச் சோடிகள், 37 பரம்பரையலகுகள். இரட்டை மென்சவ்வு. பற்றீரியாவைப் போல இரண்டாகப் பிரிந்து பெருகும். முன்னொரு காலத்தில் சுதந்திரமாகத் திரிந்த ஒரு பற்றீரியா வேறொரு கலத்துக்குள் குடியேறித் தங்கியதன் வழிவந்ததே இழைமணி என்று லின் மார்குலிஸ் 1967இல் எழுதினார். பல சஞ்சிகைகள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய பிறகே அது அச்சேறியது. பச்சையவுருமணிக்கும் இதே கதை; அதன் மூதாதை சயனோபற்றீரியா. இன்றைக்கு இதை மறுப்பவர் இல்லை என்றே சொல்லலாம்.

பனைமரம் எழுதியது:
என் வளவைத்தான் இடித்துவிட்டீர்கள். முட்டியையாவது விட்டு வையுங்கள். கள்ளுக்குள் இருந்து அதைப் புளிக்க வைக்கும் மதுவத்துக்கும் இந்தப் புன்னங்கங்கள் எல்லாம் உண்டா?

பழைய_வாத்தியார் எழுதியது:
உண்டு. கரு, இழைமணி, சிறுவலை, கொல்கி, புன்வெற்றிடம், கலச்சுவர் எல்லாம் இருக்கின்றன. சுவர் மட்டும் செலுலோசு அல்ல. பச்சையவுருமணி இல்லை. பாளையில் வடியும் சாற்றில் சர்க்கரை மிகுதி. மதுவம் அதைக் குழியவுருவில் வைத்தே உடைத்து மதுசாரமாக்குகிறது. அந்த வேலைக்கு இழைமணி தேவையில்லை. ஒட்சிசன் கிடைத்துச் சர்க்கரையும் குறைந்தால் இழைமணி வழியாகப் போகும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மை கூடி மதுவமும் பற்றீரியாவும் அடங்கிவிடும், கருப்பநீர் இனிப்பாகவே இறங்கும். இரண்டு முட்டிக்கும் வேறுபாடு அவ்வளவுதான். நீர் எந்த முட்டிக்காரர் என்று நான் கேட்கவில்லை.

நெறியாளர் எழுதியது:
முட்டிப் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்ளவும். இழையில் பாடசாலைப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மழைக்குருவி எழுதியது:
ஐயா, அட்டவணையை மூடிவிட்டு எழுதிப் பார்த்தேன். திருத்தித் தாருங்கள்.

"சதையிக் கலம் அமைலேசு நொதியத்தைச் செய்கிறது. கருவில் டி.என்.ஏ.யிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அது கருத்துளை வழியாகக் குழியவுருவுக்கு வருகிறது. இறைபோசோம் அதை வாசித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது. இறைபோசோம்கள் கருவுக்குள் இருக்கும் புன்கருவில் செய்யப்படுகின்றன. புரதம் புடகத்தில் ஏறிக் கொல்கிக்குப் போகிறது. அங்கே மாற்றம் செய்யப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகிறது. சுரப்புப் புடகம் மென்சவ்வுடன் இணைந்து நொதியத்தை வெளியே விடுகிறது. இவ்வளவுக்கும் வேண்டிய ஏ.ரி.பி. இழைமணியிலிருந்து வருகிறது. வெளியே போகாமல் உள்ளே தங்க வேண்டிய சமிபாட்டு நொதியங்களைக் கொல்கி இலைசோசோமுக்கு அனுப்புகிறது."

இலைசோசோமுக்குள் இருக்கும் நொதியங்கள் கலத்தையே சமித்துவிடாதா என்பதுதான் விளங்கவில்லை.

பழைய_வாத்தியார் எழுதியது:
நன்று. இரண்டு இடத்தில் சிவப்புப் பேனா.

இறைபோசோமிலிருந்து நேரே புடகத்துக்குத் தாவிவிட்டீர்கள். வெளியே போக வேண்டிய புரதத்தைச் செய்யும் இறைபோசோம் சிறுவலையின் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. கோக்கக் கோக்கப் புரதம் சிறுவலைக்குள் நுழைந்து அங்கே மடிந்து உருப்பெறுகிறது. சிறுவலை கரடாக இருப்பது இந்த ஒட்டலால்தான். கலத்துக்குள்ளேயே, குழியவுருவில் தங்கும் புரதங்களைச் சுயாதீன இறைபோசோம்கள் செய்கின்றன. இறைபோசோம் ஒட்டாத அழுத்தமான சிறுவலை வேறு வேலை பார்க்கிறது: இலிப்பிட்டு, ஸ்ரெரோயிட்டு ஓமோன்கள், ஈரலில் மருந்துகளின் நச்சு நீக்கம். இரண்டாவது, புன்கருவில் செய்யப்படுவது இறைபோசோமின் உபஅலகுகள். அவை குழியவுருவுக்கு வந்த பிறகே ஒன்றுசேர்ந்து வேலை தொடங்கும்.

இலைசோசோம் கேள்விக்கு: அதன் நொதியங்கள் அமில ஊடகத்தில், பி.எச். 5க்குச் சற்றுக் கீழே, நன்றாக வேலை செய்பவை. மென்சவ்விலுள்ள புரதங்கள் ஏ.ரி.பி.யைச் செலவழித்து ஐதரசன் அயன்களை உள்ளே இறைத்து அந்த அமிலத்தன்மையைக் காக்கின்றன. குழியவுருவின் பி.எச். ஏறக்குறைய 7.2. ஒன்றிரண்டு நொதியம் கசிந்தாலும் அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. தாவரத்தில் இந்தச் சமிபாட்டு வேலையையும் பெரும்பாலும் புன்வெற்றிடமே பார்த்துக்கொள்கிறது.

மூன்று_ஏ எழுதியது:
ஐயா, மழைக்குருவியின் விடைக்கு எத்தனை புள்ளி போடுவீர்கள்? பத்துக்குச் சொல்லுங்கள்.

பழைய_வாத்தியார் எழுதியது:
ஏழு. சிறுவலையைச் சேர்த்து மறுபடி எழுதினால் ஒன்பது. நீரும் எழுதி அனுப்பும், தம்பி. அமைலேசு வேண்டாம், இன்சுலினை எடுத்துக்கொள்ளும்.